மார்ட்டின் கேட்டது

— அந்த ஸ்கேட்ஸைக் கீழே வெச்சிட்டு என் மூஞ்சியைப் பாருங்க கோச். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க பேக்குல சாமானை அடுக்கிக்கிட்டே இருக்கீங்க.

— கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், மாலினி. பத்தரைக்குச் சனம் சறுக்க வந்திடும். அதுக்கு முதல் என்ர சாமானை எடுத்துக்கொண்டு போயிட வேணும். விலகிறன் எண்டு ஞாயிற்றுக்கிழமையே ஈமெயில் போட்டிட்டன். கண்டிருப்பீங்கள்.

— பாத்தேன். டீம் மேனேஜர் நான்தானே, எனக்குத்தானே முதல்ல வரும். ரெண்டே வரி. நாலு வருஷம் உங்க டீமுக்கு ஜெர்சி துவைச்சிருக்கேன், பிளைட் டிக்கெட் போட்டிருக்கேன், பல்லு உடைஞ்சவனுக்கெல்லாம் ஐஸ் கட்டி பிடிச்சிருக்கேன். எனக்கு ரெண்டு வரிதானா லா?

— அதுக்கு மேல எழுதத் தெரியேல்லை.

— சரி விடுங்க. சனிக்கிழமை ஆட்டத்தைப் பத்தி இன்னைக்கு ரெண்டு மணிக்கு கிளென் ஈடன்ல ஐஸ் ஹாக்கி கமிட்டி விசாரணை. ஆல்பனி ஃபார்மசிக்கு லீவு சொல்லிட்டு நேரா இங்கதான் வரேன். என் மகனுக்கு இருபது வயசு கோச். இனிமே ஐஸ்ல கால் வெக்கக்கூடாதுன்னு சொல்லப்போறாங்க. போலீஸும் பாக்குமாம். நீங்க வந்து, ரிஷி அப்படிப்பட்டவன் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல.

— ரிஷி அவையளுக்கு என்ன சொன்னவன்?

— கமிட்டிக்காரங்க ரெண்டு தடவை போன் பண்ணாங்க. போனேன், அடிச்சேன், அவன் விழுந்தான்னு சொன்னான். ஏன் போனேன்னு கேட்டா வாயே தொறக்கல. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட யார் மேலயும் கை வெக்காதவன், அன்னைக்கு எதுக்குப் போனான்னு அவங்களுக்கும் புரியல.

— அந்தப் பொடியன் எப்பிடி? ஜோயல்?

— நேத்து சாயங்காலம் கண்ணைத் தொறந்துட்டான். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவங்க அம்மா டனீடன்லேருந்து வந்து, சனிக்கிழமை போட்ட சட்டையோடயே உக்காந்திருக்காங்க. நான் யாருன்னு சொன்னேன். வெளிய போன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த நாற்காலியைக் காட்டினாங்க. தண்ணி கேட்டானாம், பேரு சொன்னானாம். இடது கைதான் இன்னும் அசையல. டாக்டருங்க நல்லபடியாத்தான் பேசுறாங்க.

— மார்ட்டினும் நாலாம் நாள் கண் முழிச்சவன்.

— யாரு மார்ட்டின்?

— ஒருத்தன். விடுங்கோ.

— விட மாட்டேன். உக்காருங்க இப்படி. பசியாறினீங்களா? இல்லைதானே. பிளாஸ்க்ல டீ இருக்கு, குடிங்க. யாரு அந்த மார்ட்டின்?

— இந்த ரீமில எத்தினை பேர், மாலினி?

— பத்தொம்பது. எனக்குத் தெரியாதா?

— பயிற்சி தொடங்க முதல் நான் எண்ணுவன். எனக்கு எப்பவும் இருபது வரும்.

— நீங்க எப்பவும் ரெண்டு தடவை எண்ணுவீங்க. அதை நான் கவனிச்சிருக்கேன். கவனமான ஆளுன்னு நெனச்சேன்.

— கவனம் இல்லை. ஒக்லண்ட் ஈரத்துக்கு ஐஸில புகை மாதிரி எழும்பும்தானே, காலை வேளையில. அந்தப் புகைக்குள்ள ஒருத்தன் கூடுதலா நிப்பான். வலது தோளைக் கொஞ்சம் பதிச்சுக்கொண்டு. ரெண்டாம் தரம் எண்ணேக்கை இருக்கமாட்டான். நாலு வருசமா இப்பிடித்தான். எனக்கு விசர் எண்டு நினைக்காதையுங்கோ.

— நெனைக்கல. சொல்லுங்க.

— நான் கனடாவில புரொபெஷனலா விளையாடினனான் எண்டுதான் இஞ்சை எல்லாருக்கும் தெரியும். என்ன விளையாடினனான் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. எண்பத்தி நாலில நாங்கள் ரொறொன்ரோவுக்குப் போகேக்கை எனக்கு எட்டு வயசு. அப்பா யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட வாத்தியார், அங்கை ஐஸ் அரங்கொண்டில கூட்டித் துடைக்கிற வேலை. பள்ளிக்கூடம் விட்டா நானும் அவரோட போயிடுவன். ஆரோ விட்டிட்டுப் போன ஸ்கேட்ஸ், ரெண்டு கால்லயும் வேற வேற அளவு. அதிலதான் பழகினது. பதினாறு வயசில ஆறடி ரெண்டு அங்குலம். ஒரு கோச் வந்து பாத்திட்டு, உனக்கு மட்டையால பக் வட்டைக் கொண்டுபோகத் தெரியாது, ஆனா உன்னை விழுத்தேலாது எண்டார். பாராட்டு எண்டு நினைச்சு அப்பாட்டை ஓடிப்போய்ச் சொன்னனான்.

— பாராட்டு இல்லையா அது?

— அது வேலை. அங்கை ஒவ்வொரு ரீமிலயும் ஒருத்தன் இருப்பான். கோல் அடிக்க எடுத்த ஆள் இல்லை, ஆக்களை அடிக்க எடுத்த ஆள். எங்கட கெட்டிக்காரப் பொடியனை மற்ற ரீம் இடிச்சா, நான் போய்க் கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு சண்டை பிடிச்சு அடிபட வேணும். அவையளின்ர ஆளும் எறிவான். சனம் எழும்பி நிக்கும். பிறகு ரெண்டு பேரும் போய் அஞ்சு நிமிசம் தண்டனைப் பெட்டிக்குள்ள இருக்கிறது. கதிர்காமநாதன் எண்ட பேர் முதுகில அடங்காது எண்டு நேதன் எண்டு தைச்சுத் தந்தவை. ஒன்பது வருசம், பதினொரு ரீம், எல்லாம் சின்ன லீக். சுரங்க ஊர், ஆலை ஊர், பஸ்ஸில பத்து மணித்தியாலம். ஒன்பது வருசத்தில பதினாலு கோல். அடிபாடு இருநூற்றிப் பன்னிரண்டு. இந்த விரலைப் பாருங்கோ, மோதிரம் போடேலாது. அதாலதான் கலியாண மோதிரம்கூட இல்லை எண்டு பகிடியாச் சொல்லுவன். கலியாணமே இல்லை எண்டதுதான் உண்மை.

— உங்க அப்பாவுக்குத் தெரியுமா, இதுதான் வேலைன்னு?

— தெரியாது. விளையாட்டுக்காரன் எண்டுதான் கோயில்ல சொல்லித் திரிஞ்சவர். அரங்குக்குள்ளயே வேலை செய்த மனிசன், நான் புரொபெஷனலா விளையாடி அந்த ஒரு நாள் வரைக்கும் பாத்ததில்லை. நான்தான் வரவேண்டாம் எண்டு மறிச்சுக்கொண்டு இருந்தனான்.

— மார்ட்டின் மத்த டீம்ல உங்களை மாதிரி ஆளா?

— ஓம். ஏரிக்கு அங்காலப் பக்கத்து ஊர். பால் பண்ணைக்காரற்ற மகன். அஞ்சு தரம் ரெண்டு பேரும் அடிபட்டிருக்கிறம். பகை ஒண்டும் இல்லை, விளங்குதோ. அடிபாடு முடிய, காயம் ஒண்டும் இல்லையே எண்டு கேப்பான். ஒருக்கா எங்கட பஸ் பழுதாப்போய் நிக்க, கோப்பி வாங்கிக்கொண்டு வந்து தந்தவன். எனக்கு அந்த லீக்கில சிநேகிதன் எண்டு சொல்ல வேற ஆள் இல்லை. எங்கட வேலை எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

— அப்புறம் என்ன ஆச்சு?

— ரெண்டாயிரத்து மூண்டு, பெப்ரவரி. ஆட்டத்துக்கு முதல் ரெண்டு ரீமும் ஐஸில உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிக்கிறம். நடுக்கோட்டுக்குப் பக்கத்தால சறுக்கி வந்தவன், என்னைப் பாக்காமலே கதைச்சான். நேதன், என்ர வலது தோள் கழண்டு போச்சு, கை உயராது, இண்டைக்கு மட்டும் என்னை விட்டிடு. தெரிஞ்சா என்னை வீட்டை அனுப்பிப்போடுவினம், பிள்ளை பிறந்து மூண்டு மாசம், ஒருத்தருக்கும் சொல்லாதை. நான் சரி எண்டனான்.

— சரின்னு சொன்னீங்க.

— சரி எண்டு சொன்னனான், மாலினி. அவன் என்னட்டைக் கேட்டது அது ஒண்டுதான்.

— டீ ஆறுது. குடிச்சிட்டுச் சொல்லுங்க.

— மூண்டாம் பகுதி. நாங்கள் நாலுக்கு ஒண்டு தோத்துக்கொண்டு இருக்கிறம். சனம் கூக்காட்டுது. எங்கட கோச் ஒரு வயசான மனிசன், எந்த நேரமும் மிண்ட் இனிப்பு மணக்கும். பெஞ்சுக்குப் பின்னால நடந்துகொண்டே இருப்பார். ஆரையும் போய் அடி எண்டு அவர் வாயால சொன்னதே இல்லை. பின்னால வந்து தோளில ரெண்டு விரலால ஒரு தட்டு. அவ்வளவுதான். தட்டினா போக வேணும். அண்டைக்கும் தட்டினார்.

— முடியாதுன்னு சொல்லலையா?

— சொல்லியிருக்கலாம். சொன்னா அடுத்த நாள் என்ர பேரைப் பிரிச்செடுத்துப்போட்டு வேற ஒருத்தன்ர பேரைத் தைப்பினம். நான் எழும்பிப் போனன். நான் வாறதை மார்ட்டின் கண்டிட்டான். சொன்னனியேடா எண்டு கேக்கேல்லை. ஒருக்கா முகத்தைப் பாத்தான், பிறகு கையுறையைக் கழட்டினான். அவனுக்கும் அது வேலைதானே. இடது கையால என்ர சட்டையைப் பிடிச்சான். வலது கை உயரேல்லை. அந்த அரங்கில மூவாயிரம் சனம் இருந்தது. எந்தப் பக்கத்துக் கை உயராது எண்டு எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் அந்தப் பக்கம்தான் அடிச்சனான்.

— கடவுளே.

— மூண்டாவது அடிக்கு ஹெல்மெட் கழண்டு போச்சு. நாலாவதுக்கு விழுந்தான். தலைதான் முதல்ல ஐஸில பட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி என்னட்டைக் கேக்காதையுங்கோ. நான் கூரியர் வான் ஓடுறன், பெட்டி ஒண்டு கைதவறி விழுந்தாலும் வானை ஓரமா நிப்பாட்டிப்போட்டு இருப்பன்.

— கேக்கல.

— சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. நான் தலையை நிமித்திப் பாத்தா, ஏழாவது வரிசையில அப்பா. சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பது மணித்தியாலம் பஸ் பிடிச்சு வந்திருக்கிறார், மகன்ர விளையாட்டைப் பாக்க. அவருக்கு அந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது. எல்லாரும் எழும்பினபடியால் தானும் எழும்பி நிண்டு கைதட்டிக்கொண்டு இருந்தவர். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு.

— அப்புறம் அவருக்கு எப்பத் தெரிஞ்சுது?

— ஸ்ரெச்சர் வரேக்கை விளங்கியிருக்கும். மார்ட்டின் நாலாம் நாள் கண் முழிச்சு, மனிசியோட கதைச்சு, ஒன்பதாம் நாள் செத்துப்போனான். செத்தவீட்டுக்குப் போனனான். அவன்ர மனிசி, அந்தப் பிள்ளை, கைக்குழந்தையோட வந்து என்ர கையைப் பிடிச்சு, அவர் உங்களைப் பற்றி நல்லாச் சொல்லுவார் எண்டுது. தோள் விசயம் அவவுக்கும் தெரியாது. நான் சொல்லேல்லை. அப்பா அதுக்குப் பிறகு சாப்பிடேக்கை தன்ர ரெண்டு கையையும் விரிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டு இருப்பார். அடிச்சது நான். கைதட்டின கையைப் பாத்தது அவர். மூண்டு வருசத்தில போயிட்டார்.

— கோர்ட்டு, கேஸு ஒண்ணும் வரலையா?

— விபத்து எண்டு எழுதிச்சினம். எனக்கு அஞ்சு ஆட்டம் தடை. எங்கட கோச்சிட்டை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. அவர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே, வாயால. அடுத்த வருசம் பெரிய லீக்குக்குப் போயிட்டார். நான் இன்னும் மூண்டு வருசம் விளையாடினனான். அதைத்தான் என்னால மன்னிக்கேலாமல் இருக்கு. மற்ற எல்லாத்துக்கும் ஏதாவது காரணம் சொல்லலாம். அந்த மூண்டு வருசத்துக்கு என்னத்தைச் சொல்லுறது? அது எனக்குச் சோறு போட்டது, அவ்வளவுதான்.

— அப்புறம்தான் நியூசிலாந்தா?

— லின்ஃபீல்டில மாமி இருந்தவ. உலகப் படத்தில ஐஸ் ஹொக்கி எண்டா என்னெண்டு கேக்கிற இடத்தைத் தேடினனான். கூரியர் வேலை கிடைச்சுது. ஒரு நாள் இந்த ஐஸ் அரங்குக்கு ஒரு பாசல் கொண்டுவந்தன். கதவைத் திறந்த உடனை அந்தக் குளிர் மணம். கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்க வேணும். நிண்டு பாத்தன். உங்கட மகன், அப்ப பதினஞ்சு பதினாறு வயசு, பின்பக்கமாச் சறுக்கத் தெரியாமல் விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டு இருந்தவன்.

— தெரியும். ஒரு கூரியர்க்காரர் வந்து முழங்காலை மடக்குன்னு சொல்லிட்டுப் போனாருன்னு வீட்டுல வந்து சொன்னான். நீங்க கோச்சா வந்த அன்னைக்கு முதல் நாளே ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? என் டீம்ல கையுறையைக் கழட்டுறவன் நேரா வீட்டுக்குப் போயிடலாம்னு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் மகனை உங்ககிட்ட விட்டேன். நாலு சீசன், ஒரு சண்டை இல்லே.

— இல்லை. சனிக்கிழமை வரைக்கும் இல்லை.

— சரி. இப்ப எனக்குப் புரியுது, ஏன் ஓடுறீங்கன்னு. ஜோயல் விழுந்ததும் உங்களுக்கு அந்தப் பழசெல்லாம் வந்துடுச்சு.

— ஜோயல் விழுந்து கிடக்க எல்லாரும் ஐஸில நிக்கினம். நான் பழக்கத்தில எண்ணினன். முதல் தரமே பத்தொன்பது. சரியா பத்தொன்பது. மார்ட்டின் எங்கை எண்டு தேடினன், மாலினி. வடிவாத் தெரியேல்லை. அந்தப் பொடியன்ர தலைமாட்டில ஆரோ குந்திக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது.

— அதெல்லாம் மனசு. பாருங்க, மணி பத்தாச்சு. நீங்க வருவீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.

— வாறன்.

— என்னா சொல்லுவீங்க அங்க?

— நான்தான் அவனை அனுப்பினனான் எண்டு சொல்லுவன்.

— வேணாம் கோச்.

— ஏன்?

— எனக்காகப் பொய் சொல்ல வேணாம். உங்க மனசு எனக்குத் தெரியுது. ஆனா அப்படிச் சொன்னா உங்க பழைய கதையைத் தோண்டி எடுப்பாங்க. பேப்பர்ல வரும். மார்ட்டின் பேரு வரும். கூரியர் வேலைகூடப் போயிடலாம். எம்மகன் செஞ்சதுக்குப் பழியை நீங்க வாங்கிக்கிட்டா, அன்னைக்கு நடந்தது இல்லேன்னு ஆயிடுமா? சும்மா நல்ல பையன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு.

— பொய் எண்டு ஆர் சொன்னது?

— என்னா?

— பொய் இல்லை, மாலினி. ஜூன் மாசம் குயீன்ஸ்டவுன் ஆட்டம் முடிஞ்சு விமான நிலையத்தில இருந்து அவனை என்ர வான்ல கூட்டிக்கொண்டு வந்தனான், உங்களுக்கு வேலை எண்டு. வழியில கனடாக் கதை கேட்டான். எங்கட கிழவர் கோச் வாயே திறக்க மாட்டார், ரெண்டு விரல் தோளில பட்டா நாங்கள் போயிடுவம் எண்டு சொன்னனான். மார்ட்டினைச் சொல்லேல்லை. பகிடியாச் சொன்னனான். அவன் சிரிச்சவன். நானும் சிரிச்சனான். சொல்லேக்கை எனக்குப் பெருமையா இருந்தது.

— சொல்லுங்க.

— சனிக்கிழமை நாங்கள் ரெண்டு கோல் பின்னுக்கு. அந்த ஜோயல் எங்கட சின்னப் பொடியனை மூண்டாம் தரமும் மரத்தடுப்போட சேத்து இடிச்சவன். சனம் கத்துது. நான் பெஞ்சுக்குப் பின்னால நடந்துகொண்டு வாறன். ரிஷி எனக்கு முன்னால இருக்கிறான். என்ர கை போச்சுது. ரெண்டு விரல். நான் நினைச்சுச் செய்யேல்லை எண்டு சொல்லலாம். கை தானாப் போனது எண்டு சொல்லலாம். ஆனா அவன் திரும்பி என்னைப் பாத்தவன், மாலினி. நிசமோ எண்டு கேக்கிற மாதிரி. நான் இல்லை எண்டு தலையை ஆட்டியிருக்கலாம். ரெண்டு செக்கன் இருந்தது. ஆட்டேல்லை. அந்த ரெண்டு செக்கனும் எனக்குச் சந்தோசமா இருந்தது.

— சந்தோஷமா.

— ஓம். அதைத்தான் நாலு நாளா வைச்சுக்கொண்டு இருக்கிறன். மார்ட்டின்ர நேரம் நான் அனுப்பப்பட்டவன் எண்டாவது சொல்லலாம். இப்ப அனுப்பினது நான். அந்தக் கிழவரைப் பதினொரு வருசமா மனசுக்குள்ள திட்டிக்கொண்டு இருந்தனான். அவரும் இந்த மாதிரித்தான் இருந்திருப்பார் போல. ஏதாவது கதையுங்கோ. பேசுங்கோ, அடியுங்கோ, ஏதாவது.

— அந்த பேக்கை இப்படிக் குடுங்க. காடியை வெளியதான் பார்க் பண்ணிருக்கேன், ரெண்டு பேரும் சேந்தே போவோம். மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க.

— மாலினி, நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?

— சனிக்கிழமை காடியில ஏறி உக்காந்ததுமே ரிஷி எல்லாத்தையும் சொல்லிட்டான் கோச். கமிட்டியில நான் வாய் தொறக்க மாட்டேன்மா, கோச் தானா வந்து சொல்லுவாருன்னு சொல்லிட்டு, நாலு நாளா வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேனே, நீங்களா சொல்லுவீங்கன்னு நான்தான் நம்பல.